அம்பின் இறகும் அதை ஒட்டும் பசையும்

(மூன்றாம் ஆண்டு இளம் அறிவியல், வேதியியல் பிரிவு மாணவன்)

வில் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் இராமனும் அருச்சுனனும் வந்து நிற்கிறார்கள். அம்பு என்றால் அதன் கூர்முனை நினைவுக்கு வருகிறது. அதன் வால்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மூன்று சிறு இறகுகளைப் பற்றி யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் இறகில்லாத அம்பு வெறும் குச்சியே. எய்தவுடன் அது காற்றில் தடுமாறும், பக்கவாட்டில் திரும்பும், தப்பித்தவறி இலக்கை எட்டினாலும் குறுக்காகப் போய் மோதும்.

இறகு செய்யும் வேலை எளிமையானது. பறக்கும் அம்பு சற்றே சாயுமானால், வாலிலுள்ள இறகுகளின்மீது காற்று மோதி வாலை மீண்டும் நேர்க்கோட்டுக்குத் தள்ளிவிடுகிறது. மூன்று இறகுகளும் ஒரே பக்கச் சிறகிலிருந்து எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது அம்பு செய்வோரின் பழைய விதி. இடச்சிறகு என்றால் மூன்றும் இடச்சிறகு. வலச்சிறகு என்றால் மூன்றும் வலச்சிறகு. இறகின் இயற்கையான வளைவு அம்பைத் தன் அச்சில் சுழலச் செய்கிறது. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதை அறிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

சரி, இதில் வேதியியல் மாணவனுக்கு என்ன வேலை என்று ஆசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். இறகு மரத்தில் தானாக நிற்பதில்லை, பசையால் நிற்கிறது. அந்தப் பசையைத் தேர்ந்தெடுப்பது நான் எண்ணியதைவிடச் சுவையான வேதியியல் கணக்கு. அதிலும், இழைத்து, தேய்த்து, மேற்பூச்சும் பூசிப் பளபளப்பாக முடித்துவிட்ட மர அம்பில் இறகை ஒட்டுவதுதான் சிக்கல். கடைக்காரரிடம் சென்று "நல்ல பசை கொடுங்கள்" என்றால் அவர் உள்ளதிலேயே விலை உயர்ந்ததை எடுத்துக் கொடுப்பார். அது நன்றாகவே ஒட்டும், ஆனால் எதன்மேல் ஒட்டும்? பூச்சு பூசிய அம்பில் பசை மரத்தைத் தொடுவதே இல்லை. அது தொடுவது பூச்சை. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

முன்னோர் எதைக் கொண்டு ஒட்டினார்கள் என்று முதலில் பார்ப்போம். 1991ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையிலுள்ள ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறையில் ஒரு மனித உடல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவனின் உடல் அது. ஊட்சி என்று இன்று அவனை அழைக்கிறார்கள். அவன் வைத்திருந்த தோல் அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன. அவற்றுள் 2 மட்டுமே முழுமையாகச் செய்து முடிக்கப்பட்டவை. அந்த இரண்டிலும் பிளந்த இறகுகள் மூன்று, பிர்ச் மரப்பட்டைத் தாரினால் ஒட்டப்பட்டு, மெல்லிய நூலினால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. பிர்ச் பட்டையைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் கருமையான ஒரு தார் வடியும். மனித குலம் அறிந்த மிகப் பழைய பசை அதுவே. இத்தாலியில் கிடைத்த கற்கருவிகளில் ஒட்டியிருந்த அந்தத் தாரின் வயது சுமார் 2,00,000 ஆண்டுகள். அதைச் செய்தவர்கள் நம் இனத்தவர்கூட அல்லர்; நியாண்டர்தால் மனிதர்கள்!

அடுத்து இங்கிலாந்துக்கு வருவோம். எட்டாம் ஹென்றி மன்னனின் 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1545ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தருகே மூழ்கியது. 1982இல் அதன் எஞ்சிய உடற்பகுதி கடலிலிருந்து தூக்கப்பட்டது. அக்கப்பலிலிருந்து 3,500க்கும் மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. பெரும்பாலானவை பாப்லர் மரத்தால் ஆனவை. நான்கரை நூற்றாண்டு கடலடிச் சேற்றில் இறகுகள் அழிந்து போயின. ஆனால் அவை இருந்த இடத்தில் பசையின் படலமும், நூல் சுருள்சுருளாகச் சுற்றியிருந்த தடமும் மிஞ்சின. அந்தப் படலத்தில் மெழுகோடு செம்பின் சேர்மமும் இருந்தது. பூச்சிகள் இறகைத் தின்னாதிருக்கச் செம்புத் துருவைக் கலந்திருப்பார்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இதே 1545இல்தான் ரோஜர் ஆஸ்காம் என்பவர் வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் 'டாக்ஸோபிலஸ்' என்னும் நூலை வெளியிட்டார் என்பதும் ஒரு வியப்பு. அம்புக்கு வாத்தினத்தின் இறகே சிறந்தது என்று அதில் அவர் வாதாடுகிறார்.

இந்த இரண்டு சான்றுகளிலும் ஒன்று பொதுவாக இருப்பதை நண்பர்கள் கவனித்திருக்கலாம். தாரும் சரி, மெழுகும் சரி, தனியாக விடப்படவில்லை. கூடவே நூல் இருந்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நம் நாட்டுத் தச்சர்களுக்குத் தெரிந்த பசை வச்சிரம். மாட்டுத்தோல், எலும்பு முதலியவற்றிலுள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தை நீரில் காய்ச்சினால் கிடைப்பது. துண்டுகளாக விற்கும் வச்சிரத்தை நீரில் ஊறவைத்து, ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சுமார் 60 பாகை செல்சியஸ் சூட்டில் உருக்க வேண்டும். கொதிக்க விட்டால் புரதச் சங்கிலிகள் அறுந்து பசை வலுவிழக்கும். உலகின் பல நாடுகளில் வில்லும் அம்பும் செய்தோர் இதே வகைப் பசையை நம்பியிருந்தார்கள். துருக்கியரின் புகழ்பெற்ற கூட்டு விற்களில் கொம்பையும் நரம்பையும் மரத்தோடு பிணைத்தது விலங்குப் பசையும், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையும்தான்.

எங்கள் விடுதித் தெருவில் கதவு நிலைகள் செய்யும் முதிய ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் இதுபற்றிக் கேட்டபோது, கையிலிருந்த உளியை வைக்காமலே ஒரு வாக்கியம் சொன்னார். "தம்பி, வச்சிரம் மரத்தைத்தான் புடிக்கும், பாலிஷப் புடிக்காது." பாடநூலில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பதை அவர் அரை மூச்சில் சொல்லிவிட்டார். வச்சிரம், வெள்ளை நிறப் ஃபெவிகால் இரண்டுமே நீரைக் கொண்ட பசைகள். மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி, நீர் வெளியேறிய பின் இறுகிப் பிடிப்பது அவற்றின் இயல்பு. பூச்சு பூசிய மரத்தில் துளை ஏது? நீர் போவதற்கும் வழியில்லை. காய்ந்த பின் நகத்தால் நெம்பினால் மெல்லிய தாள்போல முழுசாக உரிந்து வரும். மழைக்காலமாக இருந்தால் நெம்பவும் வேண்டியதில்லை.

பசை தாங்க வேண்டிய சுமை

பலரும் எண்ணுவது என்னவென்றால், நாண் விடுபட்டவுடன் அம்பு சீறிப் பாய்கிறதல்லவா, அந்த உதைப்பில்தான் இறகு பிய்கிறது என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அம்பு நாணை விட்டு நீங்கும்போது அதன் வேகம் விநாடிக்கு 45 மீட்டர் என்றும், நாண் அதைத் தள்ளிய தூரம் அரை மீட்டர் என்றும் கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை இருமடங்கு தூரத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். விநாடி வர்க்கத்திற்குச் சுமார் 2,000 மீட்டர். புவியீர்ப்பைப் போல 200 மடங்கு! கேட்கவே அச்சமாக இருக்கிறது. ஆனால் ஓர் இறகின் எடை எவ்வளவு? சுமார் 0.2 கிராம். ஆகவே அந்த இறகைப் பின்னுக்கு இழுக்கும் விசை 0.4 நியூட்டன், அதாவது 40 கிராம் எடைக்குச் சமம். காற்றின் இழுப்பையும் சேர்த்துக்கொண்டாலும் பெரிதாகக் கூடாது.

இப்போது மறுபக்கம். இறகின் அடித்தண்டு 12 சென்டிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் அகலமும் உள்ளதானால், ஒட்டும் பரப்பு 240 சதுர மில்லிமீட்டர். சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டன் தாங்கும் மிகச் சாதாரணப் பசைகூட 240 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 24 கிலோ எடையைத் தாங்கிவிடும். தேவை 40 கிராம். கையிருப்பு 24 கிலோ. பிறகு ஏன் இறகு பிய்கிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று, உரிதல். சுவரொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதை முழுசாகப் பக்கவாட்டில் இழுத்து நகர்த்த எந்த மல்லனாலும் ஆகாது. ஆனால் ஒரு மூலை தூக்கியிருந்தால் போதும், தெருவில் போகும் ஆடு அதைக் கிழித்துத் தின்றுவிட்டுப் போகும். ஏனெனில் உரியும்போது விசை முழுப்பரப்பில் பரவுவதில்லை. தூக்கிய விளிம்பின் மெல்லிய கோட்டில் குவிகிறது. அம்பு வைக்கோல் இலக்கில் ஆழப் புதையும்போதும், எய்பவரின் கைமேல் உராய்ந்து செல்லும்போதும், முதலில் அடிபடுவது இறகின் முன்நுனி. அது ஒரு மயிரிழை தூக்கியிருந்தால் மீதியும் போய்விடும். இதற்காகத்தான் ஊட்சியும் மேரி ரோஸ் கப்பலின் வில்லாளரும் நூலைச் சுற்றினார்கள். நூலின் வேலை அந்த முன்நுனியைத் தூக்க விடாமல் அமுக்கிப் பிடிப்பது.

மற்றொரு காரணம், வளைதல். நாண் தள்ளும் கணத்தில் மர அம்பு நேராக இருப்பதில்லை. மீன் வாலை ஆட்டுவதுபோல் இப்படியும் அப்படியும் நெளிந்துகொண்டே வில்லைச் சுற்றிச் செல்கிறது. அதிவேகப் புகைப்படங்களில் இதைத் தெளிவாகக் காணலாம். மரத்தோடு சேர்ந்து நெளிய முடியாத பசை நாளடைவில் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விடுகிறது. ஆகவே நமக்கு வேண்டியது அளவற்ற வலிமையுள்ள பசையன்று. கொஞ்சம் நெகிழ்ச்சி உள்ளதாகவும், கீழே உள்ள பூச்சோடு மனமொத்துப் போவதாகவும் இருந்தால் போதும்.

பூச்சை அறிதல்

மர அம்புகளில் காணப்படும் பூச்சுகள் பலவகை. அரக்குப் பூச்சு நம் நாட்டிற்கே உரிய செல்வம். அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினைத் தூய்மைப்படுத்தி, ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது. தச்சர்கள் ஸ்பிரிட் பாலிஷ் என்பார்கள். இதற்கென்றே 1924இல் ராஞ்சிக்கு அருகில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அடுத்தது நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர், கடைகளில் என்.சி. லாக்கர் என்று கேட்டால் தருவார்கள். எண்ணெய் வார்னிஷ் ஒரு வகை. இப்போது எங்கும் பரவியிருப்பது பாலியூரிதேன், சுருக்கமாக பி.யூ. பூச்சு. இவை தவிர வெறும் எண்ணெயோ மெழுகோ தேய்த்துப் பளபளப்பாக்குவதும் உண்டு.

பார்த்த மாத்திரத்தில் எல்லாம் ஒன்றுபோலவே மின்னும். வேறுபாடு கரைப்பானில் தெரியும். அம்பின் மறைவான ஓரிடத்தில், ஸ்பிரிட் நனைத்த துணியை ஒரு நிமிடம் வைத்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. பிசுபிசுக்கவில்லையானால் லாக்கர் தின்னரை அதேபோல் வைத்துப் பாருங்கள். குழைந்தால் என்.சி. லாக்கர் என்று கொள்ளலாம். இரண்டுக்கும் அசையாமல் கல்லுப்பிள்ளையார்போல இருந்தால் அது பெரும்பாலும் பி.யூ. அல்லது நன்கு முதிர்ந்த எண்ணெய் வார்னிஷ். காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. அரக்கும் என்.சி. லாக்கரும் கரைப்பான் ஆவியானதால் மட்டுமே இறுகியவை. மீண்டும் அதே கரைப்பான் வந்தால் மூலக்கூறுகள் பிரிந்து இடம் கொடுக்கும். பி.யூ. பூச்சிலோ மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் ஏற்பட்டு, முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. வலையை வீங்கச் செய்யலாம், கரைக்க முடியாது.

இனிப் பசைக்கு வருவோம். மேலைநாடுகளில் மர அம்பு செய்வோர் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருவது நைட்ரோ செல்லுலோஸ் பசை. அசிட்டோன் போன்ற கரைப்பான்களில் நைட்ரோ செல்லுலோஸைக் கரைத்துக் குழம்பாக்கியது. 'டூக்கோ சிமென்ட்' இவ்வகையில் பெயர் பெற்றது. இதை என்.சி. லாக்கர் பூசிய அம்பில் வைத்தால் என்ன நிகழ்கிறது? பசையிலுள்ள கரைப்பான் பூச்சின் மேற்பரப்பைக் குழைக்கிறது. பசையிலுள்ள நைட்ரோ செல்லுலோஸும் பூச்சிலுள்ள நைட்ரோ செல்லுலோஸும் ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் பறந்த பின் ஒரே பொருளாக இறுகுகின்றன. இதை ஒட்டுதல் என்பதைவிட உருக்கி இணைத்தல் என்பதே பொருந்தும். அங்கே எல்லைக்கோடே இல்லை. இதனால்தான் பழைய அம்புத் தொழிலாளர் அம்பு முழுவதற்கும் எந்தப் பூச்சைக் கொடுத்தாலும், இறகு வரும் வால்பகுதியை மட்டும் தனியாக என்.சி. லாக்கரில் முக்கி எடுப்பார்கள். பார்ப்பவர்க்கு அது வண்ண அலங்காரம். உண்மையில் பசைக்கு இடம் தயாரிப்பது.

இதே பசையை பி.யூ. பூச்சின்மேல் வைத்தால் கதை வேறு. கரைப்பான் உள்ளே நுழைய முடியாமல் மேலாகவே பறந்துவிடும். பசை மேலே ஒரு தோல்போல உட்கார்ந்திருக்கும். முதல் நாள் பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும்.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகலை ஆசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். நைட்ரோ செல்லுலோஸை 1846இல் ஷோன்பைன் என்னும் வேதியியலார் வெடிபஞ்சு என்று உலகிற்கு அறிவித்தார். 1884இல் வியேல் என்னும் பிரெஞ்சுக்காரர் அதிலிருந்து புகையில்லாத வெடிமருந்தைச் செய்தார். துப்பாக்கித் தோட்டாவைத் தள்ளும் அதே பொருள் அம்பின் இறகை ஒட்டுகிறது! வில்லை வீட்டுக்கு அனுப்பிய துப்பாக்கியின் உறவினர் வில்லுக்கே ஊழியம் செய்கிறார். அடுத்து நான் சொல்லப்போகும் பசைக்கும் இதே குலம்தான்.

அது ஃபெவிக்விக் என்று நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் தொங்கும் சயனோ அக்ரிலேட். 1942இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவரின் குழு, துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இது அகப்பட்டது. தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று வெறுத்து ஒதுக்கிவிட்டார்கள். 1951இல் மீண்டும் கண்ணில் பட்டபின்தான் அருமை தெரிந்தது; 1958இல் விற்பனைக்கு வந்தது. பரப்பில் படிந்திருக்கும் ஈரத்தின் சுவடு போதும், இது நொடியில் பலபடியாகி இறுகிவிடும். ஏறத்தாழ எல்லாப் பூச்சுகளையும் பிடிக்கும் என்பது இதன் பெருமை. நெகிழ்ச்சி குறைவு, அடிபட்டால் நொறுங்கும் என்பது சிறுமை. நீர்போல் இருக்கும் வகையை வைத்தால் இறகின் இழைகளுக்குள் ஏறி அவற்றை முள்ளாக்கிவிடும். ஜெல் வடிவில் கிடைப்பதே இறகுக்கு ஏற்றது. சிந்தியதைப் பஞ்சால் துடைக்கப் போகாதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் மிக விரைவாக வினைபுரிந்து கை சுடும் அளவு வெப்பம் வெளியிடும்.

அரால்டைட் போன்ற இருகலவை எப்பாக்ஸியைப் பற்றி ஒரு வரி போதும். வலிமை ஏராளம், எடையும் ஏராளம். 40 கிராம் விசைக்கு அது யானைச் சங்கிலி. செருப்புக்கடைப் பசை எனப்படும் ரப்பர் வகை, வெயிலில் மெல்ல நழுவும். இருபக்கமும் ஒட்டும் நாடா இறகு ஒட்டுவதற்கென்றே விற்கப்படுகிறது; சமமான வழுவழுப்பான பூச்சில் நன்றாகவே நிற்கிறது, நுனிகளில் ஒரு துளி பசையைத் துணைக்கு வைத்தால்.

இதையெல்லாம் நான் ஆராயக் காரணமாயிருந்தவர் எங்கள் வகுப்புத் தோழி ஒருவர். நம் நாட்டு வில்வித்தைப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்றொரு பிரிவு உண்டு. மூங்கில் வில்லும் மர அம்பும் கொண்டு 50 மீட்டர், 30 மீட்டர் தொலைவுகளில் எய்வது. விலை மிகுந்த உலோக வில்லும் கார்பன் அம்பும் வாங்க இயலாத குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இந்த வாயில் வழியாகவே வில்வித்தைக்குள் வருகிறார்கள். தோழியின் தந்தை கூலி வேலை செய்பவர். மூன்று மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஒரு டஜன் அம்புகள் அவருடைய சொத்து. மழையில் மரம் வளையாதிருக்க அவற்றுக்குப் பூச்சுக் கொடுத்து இறகு ஒட்டித் தருவதாக ஒரு கடையில் வாங்கிக்கொண்டார்கள். பி.யூ. பூச்சுக் கொடுத்து, கண்ணாடிபோல் மின்ன, அதன்மேல் ஏதோ பசையால் இறகை ஒட்டித் தந்தார்கள். போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பயிற்சியில் நான்கு அம்புகளின் இறகுகள் உதிர்ந்தன. ஓர் அம்பு இலக்கை விட்டு விலகிப் பக்கத்து மண்மேட்டில் போய்க் குத்தியது. அங்கே யாரும் நிற்காதது நல்லகாலம். புது அம்பு வாங்கப் பணமில்லை. அவர் உதிர்ந்த இறகுகளை ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

உதிர்ந்த இறகு ஒரு சாட்சி. அதன் அடியைப் பார்த்தாலே எங்கே கட்டு அறுந்தது என்று சொல்லிவிடலாம். இறகு, பசை, பூச்சு, மரம் என்று நான்கு. அவற்றுக்கிடையே மூன்று இணைப்புகள். இறகின் அடி சுத்தமாக இருந்து, பசை அம்பிலேயே தங்கியிருந்தால், பசை இறகைப் பிடிக்கவில்லை. இறகில் இயற்கையான எண்ணெயோ, அடித்தண்டைத் தேய்த்த தூளோ இருந்திருக்கும். இறகோடு பசையும், பசையோடு பூச்சின் செதிலும் சேர்ந்து வந்து மரம் வெளியே தெரிந்தால், குற்றம் பூச்சினுடையது; ஈரமான அல்லது எண்ணெய்ப்பசையுள்ள மரத்தின்மேல் பூசியிருப்பார்கள். அங்கே எந்தப் பசையை மாற்றியும் பயனில்லை. பூச்சையே சுரண்டி எடுக்க வேண்டும். இறகின் அடியில் பசை வழுவழுவென்று கண்ணாடித் தகடுபோல் இருந்தால், பசை பூச்சைப் பிடிக்கவேயில்லை. தோழி கொண்டுவந்த நான்கு அம்புகளின் இறகுகளிலும் இந்த மூன்றாவது அடையாளம்தான் இருந்தது. நகத்தால் தடவினால் வழுக்கியது.

எனவே மற்ற எட்டு அம்புகளும் உதிரப் போகிறவை என்று கொள்ள வேண்டியதாயிற்று. பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டோம். பழைய இறகுகளை மெல்ல நீக்கி, இறகு அமரும் மூன்று கோடுகளில் மட்டும் 320 எண் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்தோம். கரையாத பூச்சில் பசைக்குக் காலூன்ற இடம் வேண்டுமானால் நாம்தான் கீறிக் கொடுக்க வேண்டும். மரம் தெரியும் அளவுக்குத் தேய்க்கலாகாது. மழைநீர் அவ்வழியே புகும். தூளை உலர்ந்த துணியால் துடைத்து, இறகுகளின் அடித்தண்டை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டோம். இது பி.யூ. பூச்சு, ஆதலால் ஸ்பிரிட் சிறிது பட்டாலும் கேடில்லை. அரக்குப் பூச்சாக இருந்தால் ஸ்பிரிட் வாடையே அம்பருகில் வரக்கூடாது.

அம்பு உடைந்த துண்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதே பூச்சு உடையது. பன்னிரண்டு அம்புகளில் கைவைக்குமுன் அத்துண்டில் வேறுவேறு பசையால் சிறு இறகுத்துண்டுகளை ஒட்டி ஒரு நாள் முழுதும் விட்டோம். மறுநாள் நகத்தால் முன்நுனியை நெம்பினோம். ஃபெவிகால் உரிந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழைய செல்லுலாய்டு மேசைப்பந்தை அசிட்டோனில் கரைத்துச் செய்த பசையும் உரிந்தது. (2014ஆம் ஆண்டு முதல் சர்வதேசப் போட்டிகளில் அந்தப் பந்துகளுக்குப் பதில் வேறு பிளாஸ்டிக் வந்துவிட்டது, ஆகவே இப்பொருள் அரிதாகிவருகிறது. தீப்பற்றும் இயல்புடையது என்பதால் பேராசிரியர் அருகில் நின்றுதான் அனுமதித்தார்.) அதே செல்லுலாய்டுப் பசை, என்.சி. லாக்கர் பூசிய ஒரு குச்சியில் இறகு கிழிந்த பின்னும் விடவில்லை. பி.யூ. துண்டில் நின்றது சயனோ அக்ரிலேட் ஜெல் ஒன்றுதான். அதுவும் தேய்த்த பகுதியில் மட்டும். தேய்க்காத பகுதியில் பலமாக நெம்பியதும் தகடுபோல் தெறித்து விழுந்தது.

பிறகு தடையிருக்கவில்லை. ஜெல்லை மெல்லிய கோடாக இட்டு, இறகைப் பொருத்தி, ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்தோம். முதல் இறகு நாண் பொருந்தும் பிளவுக்குச் செங்குத்தாக. மற்றவை அதிலிருந்து 120 பாகை இடைவெளியில். சயனோ அக்ரிலேட் நொறுங்கும் குணமுள்ளது என்றேனல்லவா? அதை ஈடுகட்ட மூன்று இறகுகளின் முன்நுனியையும் சேர்த்துப் பட்டு நூலால் பத்துச் சுற்று சுற்றி, நூலின்மேல் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்தோம். பட்டு நூலைத் தோழியின் பாட்டி தம் பழைய சேலையின் ஓரத்திலிருந்து பிரித்துக் கொடுத்தார். 36 இறகுகளுக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் ஆயின.

போட்டியில் அவர் இரண்டு தொலைவுகளிலும் எய்து முடித்தார். பன்னிரண்டில் ஓர் இறகின் பின்நுனி மட்டும் சற்றுத் தூக்கியிருந்தது. நூல் சுற்றாத பக்கம் அது. இப்போது பின்நுனியில் ஒரு சிறுதுளி ஜெல்லைக் குமிழாக வைத்துவிடுகிறார். அடுத்த முறை அம்புகளுக்குப் பூச்சுக் கொடுக்கும்போது வால்பகுதியை மட்டும் என்.சி. லாக்கரில் முக்கி எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறார். லாக்கரின் வாடை முற்றிலும் போகும்வரை பசையைத் தொடக்கூடாது என்பதை நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார். நன்கு உலராத லாக்கரின்மேல் கரைப்பான் பசையை வைத்தால் பூச்சு சுருங்கி, இறகு தன் இடத்திலிருந்து நகர்ந்துவிடும். உடைந்த அம்புத் துண்டுகளையும் இப்போது அவர் எறிவதில்லை. எந்தத் துண்டில் எந்தப் பூச்சு என்று சீட்டு ஒட்டி, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறார்.